காலி இருக்கையின் விலை

விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து இருப்புப்பாதைகள் பிரிகின்றன. சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து ஊர்களை நோக்கி அவை செல்கின்றன. விடியற்காலையில் அந்நிலையத்தின் நடைமேடையை உற்று நோக்கினால் இருவகை மக்களைக் காணலாம். ஒரு சாரார் சீட்டு வழங்கும் சாளரத்தின்முன் நீண்ட வரிசையில் நிற்பர். கையிலுள்ள சில்லறையை எண்ணுவர். வண்டியின் ஓசை கேட்குந்தோறும் திரும்பித் திரும்பிப் பார்ப்பர். மற்றொரு சாரார் வரிசையில் நிற்பதே இல்லை. சோற்றுப் பையும் கையுமாக வருவர்; தமக்குப் பழக்கமான பெட்டி வந்து நிற்கும் இடத்தில் போய் நிற்பர்; ஏறி அமர்ந்ததும் நேற்று விட்ட பேச்சை இன்று தொடர்வர். திண்டிவனத்தில் வேறு சிலர் ஏறும்போது, அவர்களுக்கென்றே இடம் ஒதுங்கும். இவர்கள் பருவச்சீட்டு உடையவர்கள். பருவச்சீட்டு என்பது ஏட்டுச் சொல். நடைமேடையில் யாரைக் கேட்டாலும் ‘சீசன்’ என்றுதான் சொல்வர்.

இரண்டாம் வகுப்பு மாதப் பருவச்சீட்டின் விலை, ஏறத்தாழப் பதினைந்து ஒருவழிப் பயணங்களுக்குரிய கட்டணமே ஆகும். மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலைக்குச் செல்பவர், போகவும் வரவுமாக ஐம்பது முறை பயணம் செய்கிறார். ஐம்பது பயணத்தைப் பதினைந்தின் விலைக்கு விற்பது அறிவுடைய வணிகமா என்று கேட்கத் தோன்றும். 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரயில்வேத் துறைக்கும் இவ்வையம் எழுந்தது. பதினைந்து பயணக் கட்டணம் என்பதை முப்பது என மாற்றி அது அறிவித்தது. மக்களிடையே எழுந்த எதிர்ப்பினால், சில நாட்களுக்குள்ளேயே அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பழைய கணக்கே நிலைத்தது.

இதே வினா ஒரு கால்பந்துக் கழகத்தின் வாயிலிலும் வந்து நிற்கிறது. பருவம் முழுவதற்கும் உரிய நுழைவுச் சீட்டின் விலையைக் குறைத்தால், கூட்டம் பெருகுமா? கூட்டம் பெருகினால், வருவாயும் பெருகுமா? இவை இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். ஆனால் முன்னதற்கு எளிதில் விடை கூறலாம். பின்னதற்கு அவ்வளவு எளிதில் கூற இயலாது.

சென்னையில் பெரியமேட்டை அடுத்துள்ள ஜவாகர்லால் நேரு விளையாட்டரங்கு 1993-ஆம் ஆண்டு எழுந்தது. அதில் ஏறத்தாழ 40,000 பேர் அமரலாம். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் என்னும் போட்டித் தொடர் தொடங்கியபோது சென்னையின் எப்.சி. கழகம் அவ்வரங்கைத் தன் இல்லமாகக் கொண்டது. 2015-இலும், மீண்டும் 2018-இலும் அக்கழகம் வாகை சூடியது. ஆயினும், பிந்திய பருவங்களில் நடந்த ஆட்டங்கள் பலவற்றில் அரங்கின் பெரும்பகுதி வெறுமையாகவே கிடந்தது. வென்ற அணிக்குத் தானாகவே கூட்டம் சேரும் என்பார் கூற்று முற்றிலும் மெய்யன்று.

காலி இருக்கை என்பது என்ன? திண்டிவனத்துக் கடைத்தெருவில் மாலை வேளையில் பூ விற்கும் பெண்மணிக்கு அது நன்றாகத் தெரியும். காலையில் தொடுத்த மல்லிகை இருட்டுவதற்குள் விற்றாக வேண்டும். மறுநாள் அது சருகு. விளையாட்டரங்கின் இருக்கையும் அத்தகையதே. இன்றைய ஆட்டத்தில் விற்காத இருக்கையை நாளைக்கென்று எடுத்துவைக்க முடியாது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம், விளக்குகளுக்கு மின்சாரம், புல்தரைக்குத் தண்ணீர், காவலர்க்குக் கூலி ஆகிய யாவும், ஐயாயிரம் பேர் வந்தாலும் இருபதாயிரம் பேர் வந்தாலும் பெரிதும் மாறுவதில்லை. ஆதலால் காலி இருக்கையில் ஒருவரைக் குறைந்த விலைக்கு அமர்த்துவதால் கழகம் இழப்பது மிகச் சிறிதே.

இங்கே ஒரு தடை எழும். இருட்டியபின் விலை குறையும் என்று கண்டுகொண்டால், காலையில் பூ வாங்குவார் யார்? எல்லாரும் மாலைக்குக் காத்திருப்பர். கடைசி நாளில் சீட்டைக் கழிவு விலைக்கு விற்கும் கழகத்திற்கும், கேட்டவர்க்கெல்லாம் இலவசச் சீட்டு வழங்கும் கழகத்திற்கும் நேர்வது இதுவே. பருவச்சீட்டின் இயல்போ இதற்கு நேர்மாறானது. முன்னதாக வாங்குபவர்க்கே அது விலைக்குறைப்பைத் தருகிறது. காத்திருப்பவர் மிகுதியாகக் கொடுக்க வேண்டும்.

சென்னையைப் பொறுத்தவரை இதற்கு மற்றொரு நலமும் உண்டு. கால்பந்துப் பருவம் பெரும்பாலும் செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்கும். அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. நவம்பரில் வானம் கறுத்திருக்கும் ஒரு மாலையில், ‘இன்று போகலாமா, வேண்டாமா’ என்று எண்ணுபவர் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவர். அன்றன்று சீட்டு விற்கும் கழகம், அம்மழைக்கு அஞ்ச வேண்டும். பருவச்சீட்டு விற்ற கழகத்தின் பெட்டியில் பணம் முன்னரே வந்து சேர்ந்துவிடுகிறது. அன்றியும், ஏற்கெனவே பணம் கொடுத்தவர், ‘கொடுத்த காசு வீணாகலாமா’ என்று குடையை எடுத்துக்கொண்டு புறப்படுவதும் உலக வழக்கே.

இனி, கணக்கரின் பக்கத்தையும் கேட்க வேண்டும். அவர் விலைக்குறைப்பைக் கண்டு அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஒரு கற்பனைக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் தன் அரங்கில் அது 12 ஆட்டங்கள் ஆடுகிறது. 5,000 பேர் ஆளுக்கு 2,400 ரூபாய் கொடுத்துப் பருவச்சீட்டு வாங்குகின்றனர். வருவாய் 1 கோடியே 20 இலட்சம். விலையைப் பாதியாக்கி 1,200 ரூபாய் என வைத்தால், அதே வருவாயைப் பெற 10,000 பேர் வாங்க வேண்டும். 8,000 பேரே வாங்கினர் என்று கொள்வோம். கூட்டம் பெருகிற்று, ஆனால் வருவாய் 96 இலட்சமாகக் குறைந்தது. இழப்பு 24 இலட்சம். புதிதாக வந்த 3,000 பேரும் 12 ஆட்டங்களுக்கும் தவறாமல் வந்தால், மொத்தம் 36,000 வருகைகள். ஒவ்வொரு வருகையிலும் தேநீர், தின்பண்டம், அணிச்சட்டை ஆகியவற்றால் கழகத்திற்கு ஏறத்தாழ 67 ரூபாய் மிஞ்சினால்தான் அவ்விழப்பு ஈடாகும். மூவரில் இருவரே வந்தாலோ 100 ரூபாய் மிஞ்ச வேண்டும். ஒரு தேநீருக்கும் ஒரு சமோசாவுக்கும் செலவிடும் மாணவனிடமிருந்து அவ்வளவு மிஞ்சுமா? மிஞ்சாது. கணக்கர் கூறுவது பொய்யன்று.

இங்கிலாந்து நாட்டிலே இம்முயற்சியைச் செய்து பார்த்த ஊர்கள் உண்டு. பிராட்போர்டு என்பது கம்பளி ஆலைகளால் வளர்ந்த நகர். அந்நகரின் கழகம் 2001 வரை நாட்டின் முதல் வரிசையில் ஆடியது. பின்பு படிப்படியாகச் சரிந்து 2007-இல் நான்காம் வரிசைக்கு வீழ்ந்தது. வீழ்ந்த கழகத்தின் ஆட்டத்தைக் காண யார் வருவர்? அக்கழகம் அவ்வாண்டில் முழுப் பருவத்திற்கும் 138 பவுன் என விலையைத் தாழ்த்தி வைத்தது. முந்திய பருவத்தில் 9,000-க்கும் குறைவாக இருந்த சராசரிக் கூட்டம், வரிசை தாழ்ந்த அப்பருவத்திலே 13,000-ஐத் தாண்டியது. ஆட்டம் உயர்ந்ததனால் கூட்டம் பெருகியதென்று இங்கே எவரும் கூற இயலாது. விலையும், ‘இது நம் ஊர்க் கழகம்’ என்ற எண்ணமுமே மக்களைக் கொண்டுவந்தன. எனினும், கழகம் உடனே மேலே ஏறிவிடவில்லை. 2013-இல்தான் அது மூன்றாம் வரிசைக்கு மீண்டது. கூட்டம் வேறு, வெற்றி வேறு.

அதன் அண்டை ஊரான ஹடர்ஸ்பீல்டு மற்றொரு பாடத்தைத் தருகிறது. அவ்வூர்க் கழகம் தன் நூற்றாண்டை ஒட்டி 2008-இல் பருவச்சீட்டை 100 பவுனுக்கு விற்றது. 16,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன. ஆயினும் அப்பருவத்தில் ஆட்டங்களுக்கு வந்தோரின் சராசரி, விற்ற சீட்டுகளின் எண்ணிக்கையை எட்டவில்லை. மலிவாக வாங்கிய பொருளை மக்கள் மலிவாகவே கருதுவதும் உண்டு. கழகமோ தன்னுடன் நிலைத்து நின்றவர்களை மறக்கவில்லை. 2017-இல், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் முதல் வரிசையை அடைந்தபோது, 2008 முதல் விடாமல் சீட்டு வாங்கி வந்தவர்களுக்கு மீண்டும் அதே 100 பவுனுக்கே இடம் கொடுத்தது. முதல் வரிசை ஆட்டத்தை அவ்விலைக்குக் காண்பது அந்நாட்டில் எவரும் கேள்விப்படாத செய்தி.

செருமனியில் இவ்வழக்கம் பல காலமாகவே வேரூன்றியுள்ளது. டார்ட்மண்டு நகரின் அரங்கில் தெற்குப் பக்கம் முழுவதும் நின்றுகொண்டே ஆட்டம் காண்பவர்க்கு உரியது. ஏறத்தாழ 25,000 பேர் அங்கே நிற்பர். நிற்பதற்கான பருவச்சீட்டு அந்நாட்டின் பெருங்கழகங்களிலும் எளியவர் வாங்கத்தக்க விலையிலேயே இருந்து வருகிறது. அந்நாட்டின் முதல் வரிசை ஆட்டங்களுக்குச் சராசரியாகச் சுமார் 40,000 பேர் வருகின்றனர். எளியவர்க்கு விட்டுக்கொடுத்த தொகையை அக்கழகங்கள் எங்கிருந்து பெறுகின்றன? தொலைக்காட்சி உரிமையிலிருந்தும், விளம்பரம் தரும் நிறுவனங்களிடமிருந்தும், செல்வர்க்கென அமைத்த உயர்ந்த இருக்கைகளிலிருந்தும் பெறுகின்றன. நிறைந்து முழங்கும் தெற்குப் பக்கம் இல்லையேல், தொலைக்காட்சியில் அவ்வாட்டம் இவ்வளவு பொலிவு பெறாது. விளம்பரம் தருவாரும் இவ்வளவு தரமாட்டார்.

விழுப்புரம் சந்திப்பில் நின்று பார்த்தவர்க்கு இது புதுமையன்று. பயணிகள் வண்டி ஒதுங்கி நிற்க, நீண்ட சரக்கு வண்டியொன்று நடைமேடையைக் கடந்து செல்வதை அவர்கள் பலமுறை கண்டிருப்பர். பயணிகளிடம் வாங்கும் கட்டணம் செலவுக்குப் போதாது என்பதும், அக்குறையை இட்டு நிரப்புவது சரக்கு வருவாயே என்பதும் இந்திய இரயில்வேயின் கணக்கை அறிந்தார் யாவரும் அறிந்தவை. கால்பந்துக் கழகத்திற்குத் தொலைக்காட்சியும் விளம்பரமுமே சரக்கு வண்டி.

அச்சரக்கு வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும்? 2025-ஆம் ஆண்டில் இந்தியக் கால்பந்து அதைக் கண்டது. வணிக உரிமை ஒப்பந்தம் குறித்த சிக்கலால், அவ்வாண்டு ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. செப்டம்பரில் தொடங்கவேண்டிய பருவம் உரிய காலத்தில் தொடங்கவில்லை. சில கழகங்கள் ஆட்டக்காரர்க்கும் பணியாளர்க்கும் சம்பளம் தருவதையே நிறுத்தி வைத்தன. வாயிலில் சேரும் பணத்தைச் சிறு தொகை என்று ஒதுக்கி, பெருந்தொகையையே நம்பியிருந்தோர், அன்று எதன்மேல் நிற்பது என்று அறியாமல் திகைத்தனர். பத்தாயிரம் பருவச்சீட்டுக்காரர்கள் இருந்தால் மட்டும் ஒரு கழகம் பிழைத்துவிடும் என்று கூற முடியாது. அத்தொகை அதற்குப் போதாது. ஆனால் ஆண்டுதோறும் தவறாது வரும் பத்தாயிரம் பேர் உள்ள கழகத்திற்கு, விளம்பரம் தருவாரைத் தேடிச் செல்லும்போது காட்டுவதற்கு ஒன்று உண்டு. வெற்று அரங்கை வைத்துக்கொண்டு எவரிடம் பேரம் பேசுவது?

இக்காரணங்களால், பருவச்சீட்டின் விலையைக் குறைப்பதே நன்று என்று துணியலாம். அரங்கு நிறைந்து வழியும் கழகம் விலையைக் குறைத்தால் அது தன் கையிலுள்ளதை வீசி எறிவதாகும். பாதிக்கு மேல் காலியாக உள்ள கழகம் குறைக்காதிருந்தால், அது மல்லிகையைச் சருகாக்குவதாகும். முதலாண்டில் வருவாய் சற்றுத் தாழும் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

ஆனால் விலை ஒன்றே தடை என்று எண்ணுவதும் பிழை. திண்டிவனத்துப் பள்ளியொன்றின் ஆட்டத்திடலில் மாலைதோறும் பந்து உதைக்கும் மாணவன் ஒருவனை நினைத்துப் பார்க்கலாம். அவன் தொலைக்காட்சியிலே ஐரோப்பிய ஆட்டக்காரர்களின் பெயரையெல்லாம் அறிவான். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னை அரங்கினுள் அவன் ஒருநாளும் அடி வைத்ததில்லை. அவனுக்குப் பருவச்சீட்டை இலவசமாகவே கொடுத்தாலும் என்ன பயன்? ஆட்டம் பெரும்பாலும் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும். முடியும்போது ஒன்பதரை ஆகிவிடும். எழும்பூர் நிலையம் அரங்கிற்கு அருகிலேதான் உள்ளது. ஆனால் இரவில் தெற்கு நோக்கிச் செல்லும் விரைவு வண்டிகள் பல திண்டிவனத்தில் நிற்பதில்லை. பேருந்தில் செல்லலாம் எனின், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திற்கு முதலில் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து ஊர் திரும்புவதற்குள் நள்ளிரவு கடந்துவிடும். மறுநாள் பள்ளி. எந்தத் தாய் அனுப்புவாள்? சிறுமி எனின் கேட்கவே வேண்டுவதில்லை. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய வாகை சூடியது. அண்டையிலுள்ள கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடினார். இப்பகுதியில் பந்தாடும் சிறுமியர்க்குப் பஞ்சமில்லை. அவர்கள் ஒரு பெரிய ஆட்டத்தை நேரில் காண்பதற்குத்தான் வழியில்லை.

இதற்கு வழி காண்பது அரிதன்று. 2023-ஆம் ஆண்டு சென்னையில் ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்தபோது, ஆட்டச் சீட்டையே மெட்ரோ இரயிலின் பயணச் சீட்டாகவும் கொள்ளும்படி ஏற்பாடு செய்தனர். நகருக்குள் செய்த அதனை நகருக்கு வெளியேயும் ஒரு சிறிதளவு செய்து பார்க்கலாம். சனி, ஞாயிறுகளில் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் முன்பும் நடந்ததுண்டு. அத்தகைய ஆட்டங்கள் நான்கோ ஐந்தோ தேர்ந்து, அவற்றுக்கு மட்டும் உரிய ‘பள்ளிப் பருவச்சீட்டு’ ஒன்றை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் விற்கலாம். விலையில் பேருந்துக் கட்டணமும் அடங்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். இரவு பத்து மணிக்குள் ஊர் திரும்ப வேண்டும். பள்ளிக்குச் சென்று வரப் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவர்க்கும், பட்டப்படிப்பு வரை மாணவியர்க்கும் இரயில்வே இலவசப் பருவச்சீட்டு வழங்குகிறது. இளமையில் வண்டியேறிப் பழகியவர் பின்னாளில் கட்டணம் கொடுத்து ஏறுவர் என்பதை அந்நிறுவனம் அறியாததன்று. கால்பந்துக் கழகத்தின் சீட்டு இலவசமாக வேண்டுவதில்லை. ஹடர்ஸ்பீல்டில் விற்ற சீட்டுகள் எல்லாம் வருகையாக மாறாததை நினைவிற்கொண்டு, சிறு தொகையேனும் வாங்குவதே நலம்.

தொடங்கும்போது அரங்கு முழுவதற்கும் விலையைக் குறைக்க வேண்டும் என்பதில்லை. ஒரு காலரியை மட்டும் இதற்கென ஒதுக்கி, மூன்று பருவங்கள் விடாமல் நடத்திப் பார்ப்பது போதும். ஓராண்டு முயன்று, கணக்குப் பார்த்து, கைவிட்டால் ஒன்றும் தெரியவராது. பழக்கம் ஓராண்டில் வேர்விடாது. விற்ற சீட்டுகளை எண்ணாமல், வாயிலில் நுழைந்த தலைகளை எண்ண வேண்டும். பத்தாம் வகுப்பில் அச்சீட்டை வாங்கிய திண்டிவனத்து மாணவன், மூன்று பருவம் கழிந்தபின் ஒரு கல்லூரியிலோ ஒரு வேலையிலோ இருப்பான். அப்போது அவனிடம் முழு விலையைக் கேட்டுப் பார்க்கலாம்.